ஒரே சவ்வுக்கு இரண்டு மைக்ராஸ்கோப்

என் வீட்டுக்காரர் மதராஸ் ரயிலில் வந்து இறங்கும் நாளெல்லாம் எனக்கு வயிறு எரியும். அங்கே அவர் சினிமா பார்த்தாரா, கடற்கரையில் காற்று வாங்கினாரா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாரே, அதுதான் எரியும். அவர் பையைக் கீழே வைக்கும் முன்பே படங்கள் இருக்கிற உறையைத் தேடி எடுப்பேன். படம் நன்றாக வந்திருந்தால் அன்றைக்கு எங்கள் அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பேரும் தூத்துக்குடியில் கடலோரத்து ஆய்வு நிலையம் ஒன்றில் வேலை பார்த்தோம். சின்ன நிலையம்தான். முத்துச்சிப்பியைத் தொட்டியில் வளர்த்து, அது எப்படி முத்தைப் பூசுகிறது என்று பார்ப்பது வேலை. இருவரும் விலங்கியலில் எம்.எஸ்சி. படித்தவர்கள். இருவருக்கும் ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. கல்லூரியில் மார்க் எனக்குத்தான் கூட. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்த பகுதி இன்னும் சின்னது. சிப்பி ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி மெல்லிய சதை ஒன்று இருக்கும். மேன்டில் என்போம். முத்துக்கான பூச்சைச் சுரப்பது அதுதான். அந்தச் சதையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. சவ்வு என்றால் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நெருங்கி நிற்பது. தண்ணீரைப் பிடிக்கும் தலைகள் வெளிப்பக்கம், தண்ணீரைப் பிடிக்காத வால்கள் உள்பக்கம். மொத்தத் தடிமனே அவ்வளவுதான். செல் சுரக்கிறது எல்லாம் அந்தச் சவ்வைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். அப்படித் தாண்டும்போது சவ்வு என்ன ஆகிறது என்பதே எங்கள் கேள்வி.

இந்தக் கேள்வியை என் மேசை மைக்ராஸ்கோப்பிடம் கேட்டால் பதில் வராது. அது வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிற கருவி. அத்தனை மெல்லிய சவ்வு அதற்குப் பிடிபடாது. செல்லின் ஓரம் ஒரு கோடாகத் தெரியும், முடிந்தது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்தக் கோடு இரண்டு கருங்கோடாகவும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடாகவும் பிரிந்து தெரியும். ஆனால் அதற்குள் உயிருள்ள எதையும் வைக்க முடியாது. சதையை மருந்தில் போட்டுக் கொன்று, அதிலுள்ள தண்ணீரையெல்லாம் ஆல்கஹாலால் எடுத்து, பிசினில் புதைத்து, கண்ணாடிக் கத்தியால் சீவி அனுப்ப வேண்டும். என்னுடையதில் உயிர் தெரியும், சவ்வு தெரியாது. அவருடையதில் சவ்வு தெரியும், உயிர் இருக்காது. எழுதும்போது சமமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு யாரும் சமமாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்தப் பெரிய கருவி நம் பக்கத்தில் எங்கும் கிடையாது. மதராஸில் ஒரு இடத்தில் கெஞ்சிக் கூத்தாடி மாதத்துக்கு ஒரு நாள் வாங்கியிருந்தார்கள். யார் போவது என்று வந்தபோது எங்கள் டைரக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, என் வீட்டுக்காரர் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினார்.

"ஒருத்தருக்குத்தான் டிராவல் சாங்ஷன் ஆகும் சார். லேடீஸ் தனியா மதராஸ் போயி எங்க தங்குவாங்க? நீங்களே போயிட்டு வந்துருங்க."

வெளியே வந்ததும் இவர் என்னிடம், "அடுத்த தடவ நீ போளா. நான் அவர்ட்ட சொல்லுதேன்" என்றார். சொல்லவும் செய்தார். டைரக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

இவர் நல்லவர். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் மதராஸில் கருவியை ஓட்டுகிறவருக்கு நம் ஊர் மக்ரூன் ஒரு பொட்டலம் வாங்கிப் போவார். அந்த மனிதரும் மக்ரூனைக் கடித்துக்கொண்டே கூட ஒரு மணி நேரம் கொடுப்பாராம். நிலையத்துக்கு யார் வந்தாலும் என் ஸ்லைடுகளை எடுத்துக் காட்டி, "எங்க வீட்ல கை நல்ல கை" என்பார். ரசத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். நான் உள்ளுக்குள் குமைந்துகொண்டு, ஸ்லைடின்மேல் மூடுகிற மெல்லிய மூடித்துண்டுக் கண்ணாடிகளைத் துடைப்பேன்.

ஒரு கோடையில் அவர் கொண்டுவந்த படங்கள் நிலையத்தையே தூக்கிப் போட்டன. மேன்டில் செல்களின் ஓரத்தில், சவ்வு இருக்க வேண்டிய இடத்தில், வட்டத்துக்குள் வட்டமாகச் சுருண்ட அடுக்குகள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியுமே, அப்படி. ஒவ்வொரு வட்டமும் இரண்டிரண்டு கருங்கோடு. சுரக்கிற செல் தன் சவ்வை இப்படி அடுக்கடுக்காகச் சேர்த்துவைத்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்துகிறது என்று இவர் ஒரு விளக்கம் சொன்னார். அழகான விளக்கம். கேட்டவுடன் எனக்கே உண்மை என்றுதான் பட்டது. அதனால் எரிச்சல் இரண்டு மடங்கானது.

டைரக்டர் அந்தப் படங்களைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டச் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் இங்கிலாந்திலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார், சவ்வு ஆராய்ச்சியில் பெரிய ஆள், நம்மில் ஒருவரை ஒரு வருஷம் தன் ஆய்வகத்துக்கு அழைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார். "நம்மில் ஒருவர்" என்றபோது அறையில் எல்லோரும் இவரைத்தான் பார்த்தார்கள். பியூன் அண்ணாச்சி அப்போதே, "சார், குளிருக்குக் கம்பளி எடுத்துக்கிடணும்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஒரு வருஷம் எனக்கு வேண்டும். அதைவிடத் தெளிவாக நான் வாழ்க்கையில் எதையும் ஆசைப்பட்டதில்லை. ஊர் பார்க்கிற ஆசை இல்லை. எங்கள் ஊர் ஆற்றங்கரை, வாழைத்தோட்டம், நெல்வயல். அங்கிருந்து தூத்துக்குடி வந்ததே எனக்குப் போதுமான தூரம். ஆனால் இரண்டு கருவிகளும் ஒரே கட்டடத்தில், பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் இடம் அது என்று இவரே சொன்னார். காலையில் உயிரோடு பார்த்ததைச் சாயங்காலம் சவ்வோடு பார்க்கலாம். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனவே இவர் எங்கே தப்பு செய்திருப்பார் என்று தேட ஆரம்பித்தேன். அறிவியல் ஆர்வம் என்று இதற்குப் பெயர் வைக்கலாம். வைக்கப் போவதில்லை. அந்தச் சுருள்கள் பொய்யாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது, அவ்வளவுதான்.

அடுக்கடுக்கான கொழுப்புக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தை ஒரே வாட்டத்தில் மட்டும் விடுகிற போலராய்டு தகடு ஒன்றைக் கீழேயும் இன்னொன்றைக் குறுக்காக மேலேயும் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் இருட்டாகிவிடும், அடுக்கு உள்ள இடம் மட்டும் பளிச்சென்று ஒளிரும். ஒற்றைச் சவ்வு என் கருவிக்குப் பிடிபடாவிட்டாலும் இந்தச் சுருள்கள் அத்தனை அடுக்கு என்றால் கட்டாயம் பிடிபட வேண்டும். ஆனால் போலராய்டு தகட்டுக்கு எங்கே போவேன்? நிலையத்தில் கேட்டால் அடுத்த பட்ஜெட் என்பார்கள். இவரிடம் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கிய கூலிங் கிளாஸ் ஒன்று இருந்தது. மதராஸ் போகும்போது போட்டுக்கொண்டு போவார். அதன் இரண்டு கண்களும் அசல் போலராய்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் இரண்டையும் கழற்றிவிட்டேன்.

மறுநாள் நிலையத்தில் கேட்டார். "என் கூலிங் கிளாஸ் எங்கனளா?"

"மைக்ராஸ்கோப்புல இருக்கு."

"அங்கன எதுக்கு?"

"ஒரு கண்ணு கீழ, ஒரு கண்ணு மேல."

வந்து குனிந்து பார்த்தார். கத்துவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பதிலுக்குச் சொல்ல நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். இவரோ, "நல்ல யோசனைளா!" என்று தோளைத் தட்டிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். அந்த நாலு வாக்கியத்தையும் அப்படியே விழுங்கினேன்.

தொட்டியிலிருந்து எடுத்த சிப்பியின் மேன்டில் ஓரத்தை மெல்லியதாக உரித்து, அதே தொட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். ஓட்டுத்தூள் ஒட்டியிருந்தால் அதுவும் மின்னி ஏமாற்றும் என்பதால் நன்றாகக் கழுவினேன். செல்களின் மேல் நுண்மயிர்கள் அசைந்துகொண்டிருந்தன. துளிகள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தன. போலராய்டைத் திருப்பினால் இருட்டு. எங்கேயும் ஒரு சுருளும் ஒளிரவில்லை. பல நாள், பல சிப்பி. எதிலும் இல்லை.

அப்படியென்றால் சுருள் எங்கிருந்து வந்தது? இவர் செய்கிற முறையை முதலிலிருந்து நானும் செய்தேன். மருந்தில் போடும் முன் சதையை ஒரு கரைசலில் அலசுவார். வெளிநாட்டு ஆய்வு ஒன்றில் கண்ட கரைசல், கடல்நீரின் உப்புக்குச் சமமாகக் கலந்தது. மூடித்துண்டின் ஒரு ஓரத்தில் அந்தக் கரைசலைச் சொட்டு விட்டு, மறு ஓரத்தில் மை ஒற்றும் தாளால் பழைய தண்ணீரை இழுத்தேன். கண்ணை எடுக்கவில்லை. செல்கள் மெல்ல உப்பின. ஓரத்திலிருந்து புழு மாதிரி ஒன்று வெளியே நீண்டது. இன்னொன்று. பிறகு நாலைந்து. நீண்டு, வளைந்து, சுருண்டுகொண்டன. போலராய்டைத் திருப்பினேன். அத்தனையும் இருட்டில் பளபளத்தன.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பெரிய கண்டுபிடிப்பின் சந்தோஷம் என்று அதை யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் படம் தப்பு என்ற சந்தோஷம்.

மீதி வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. தொட்டித் தண்ணீரின் உப்பை முறைப்படி சோதித்தேன். சாதாரணக் கடல்நீரைவிட நன்றாகவே கூடியிருந்தது. எங்கள் தொட்டிக்குக் கூரை கிடையாது. தண்ணீர் இழுப்பதும் உப்பளத்தை ஒட்டிய ஓடையிலிருந்து. சித்திரை வைகாசி வெயிலில் அது இன்னும் சுண்டும். அந்த உப்புக்குப் பழகிய சிப்பியை வெளிநாட்டுக் கடலின் உப்புக்குக் கலந்த கரைசலில் போட்டால், செல்லுக்குள் தண்ணீர் புகுந்து உப்பி, சவ்வுக் கொழுப்பு வழிந்து சுருண்டுகொள்ளும். சுரப்பும் இல்லை, சேமிப்பும் இல்லை. சிப்பி செத்த விதம் அது.

கரைசல் கலக்குமுன் தொட்டித் தண்ணீரைச் சோதிக்க வேண்டாமா என்று யாருக்கும் தோன்றும். இவருக்குத் தோன்றாது. இவருடைய அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. இவர் நடை பழகியதே பாத்தி வரப்பில்தான். எந்தத் தண்ணீரையும் விரலால் தொட்டு நாக்கில் வைத்து உப்பு இத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார், பாத்தித் தண்ணீரில் அது சரியாகவும் இருக்கும். தொட்டித் தண்ணீரையும் அப்படித்தான் நாக்கில் வைத்து, கடல்தண்ணீர்தான் என்று முடிவு செய்திருந்தார்.

கூப்பிட்டேன். ஆபீஸில் நான் அவரை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும். அன்றைக்கு அதை ரொம்ப மரியாதையாகச் சொன்னேன்.

"சார், இந்தத் தொட்டித் தண்ணி எப்படி இருக்கு?"

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "கடத்தண்ணிதான். ஏன்?"

"உப்பளத்துல பொறந்த நாக்குக்கு எல்லாமே கடத்தண்ணிதான். இங்கன வந்து பாருங்க."

உட்கார வைத்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கரைசலைச் சொட்டுவிட்டேன். அவர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நுண்மயிர் அசைவதைப் பார்த்து முதலில் புன்னகைத்தார். பிறகு புன்னகை நின்றது. போலராய்டைத் திருப்பிக் காட்டினேன். கழுத்து நரம்பு புடைக்கிறதா என்று பார்த்தேன்.

"அப்போ நான் கொண்டாந்த படம் பூராவும் குப்பையா?"

"ஆமா" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது என் வாய் எவ்வளவு இனித்தது என்று இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு அவர் கண் மெல்ல விரிந்தது. "குப்பை இல்லளா. இது எப்படி வருதுன்னு நீ பாக்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கேன். ரெண்டையும் ஒரே துண்டுல பாத்தா என்ன? நீ உயிரோட பாத்துக்கிட்டே இரு. எந்த நேரம் வேணுமோ அந்த நேரம் மருந்த விட்டு நிறுத்து. அதே துண்ட நான் கொண்டுபோயி சீவி வாரேன்."

எனக்குத் தலையில் கல் விழுந்தது போலிருந்தது. அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டியது. தப்பைக் கண்டுபிடிக்க நான் ஒரு கோடை முழுக்கக் குனிந்து கிடந்தேன். இவர் தோற்ற இடத்திலேயே நின்றுகொண்டு, காபி குடிக்கிற நேரத்துக்குள் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அதோடு விட்டாரா? நேரே டைரக்டரிடம் போய், "தப்பு என்னுது சார். கண்டுபிடிச்சது அவங்க" என்றார். டைரக்டர், "பரவால்ல சார். பேராசிரியர் வாரதுக்கு முன்னால தெரிஞ்சுதே, அது உங்க நேர்மை" என்று இவர் கையைக் குலுக்கினார். என் கை பக்கத்திலேயே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு என்மேல கோவமே வராதா?"

"ஏன் வரணும்? நீ என் பொண்டாட்டிதானே" என்றார்.

பிரியமாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து மேசைக்காரன் இந்தத் தப்பைக் கண்டுபிடித்திருந்தால் இவர் ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். நான் என்பதால் தூங்கினார். எதிரே ஒரு ஆள் நிற்கிறார் என்று நினைத்தால்தானே பொறாமை வரும்? இவர் எதிரே நான் நின்றதே இல்லை, பக்கத்தில்தான் நின்றேன். என் பொறாமையின் வேர் அதில்தான் இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்ததால் ஒன்றும் குறையவில்லை.

வேலை ஆரம்பித்தது. தொட்டி உப்புக்குச் சமமாகப் புதுக் கரைசல் கலந்தோம். மூடித்துண்டில் ஊசியால் ஒரு எழுத்தைக் கீறி, அந்த எழுத்துக்கு நேரே மேன்டில் துண்டை வைப்பேன். சுரப்புத்துளி ஒன்று செல்லின் ஓரத்துக்கு வந்து முட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது வெளியே பாயப் போகிற கணத்தில் மருந்தைச் சொட்டுவேன். முந்தினால் துளி உள்ளேயே நின்றுவிடும். பிந்தினால் போய்விட்டிருக்கும். எப்போது சொட்ட வேண்டும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஓரம் லேசாக மங்கும், அதற்குக் கொஞ்சம் முன்னால். என் கைக்குத் தெரியும். இவர் எத்தனையோ தரம் முயன்றார், ஒரு தரமும் கிடைக்கவில்லை. "எனக்கு வரல, நீயே பண்ணு" என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடுவார்.

நிறுத்திய துண்டை அப்படியே பிசினில் புதைத்து, கண்ணாடியைப் பிரித்தால், நான் கீறிய எழுத்து பிசின்மேல் புடைத்துத் தெரியும். அந்த இடத்தைப் பார்த்துச் சீவ வேண்டும். முதல் சில தடவை இவர் இடத்தைத் தவறவிட்டு வந்தார். நான் ஆடித் தீர்த்துவிட்டேன். கடைசியில் ரயில் கட்டணத்தை நாமே போட்டுக்கொள்வோம் என்று நானும் கிளம்பினேன். மதராஸில் கருவிக்காரர் என் கையில் இருந்த மக்ரூன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு இவரிடம் பேசினார். எனக்கு ஓரத்தில் ஒரு முக்காலி. பச்சையாக ஒளிர்ந்த திரையில் இவர் தேடிக்கொண்டே போனார், நான் பின்னாலிருந்து, "இன்னும் இடது பக்கம். அந்த மடிப்புக்கு அங்கன. அங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்தது. நான் பார்த்து நிறுத்திய அதே துளி. அதைச் சுற்றி இரண்டு கருங்கோடு. செல்லின் ஓரத்திலும் இரண்டு கருங்கோடு. தொடுகிற இடத்தில் அவை கலந்து ஒன்றாகியிருந்தன. சுருள் ஒன்றுகூட இல்லை. துளியின் சவ்வு செல்லின் சவ்வோடு சேர்ந்து வாயாகத் திறக்கிறது, அந்த வாய் வழியாகத்தான் பூச்சு வெளியே வருகிறது.

எனக்கு அழுகை வந்தது. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது அவர் என்பதாலும் பாதி அழுகை.

என் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தையும் அவர் எடுத்த படத்தையும் ஒரே அட்டையில் ஒட்டினோம். எது இடப்பக்கம் என்று ஒரு வாரம் சண்டை போட்டேன். படிக்கிறவன் கண் இடப்பக்கம்தான் முதலில் போகும். சண்டை போட்டது நான் மட்டும்தான். இவர், "ஒன்னதயே மொதல்ல ஒட்டு. எதுனா என்ன?" என்று விட்டுவிட்டார்.

மழை முடிந்து பேராசிரியர் வந்தார். நெட்டையான மனிதர், நம் வெயிலுக்குச் சிவந்துபோயிருந்தார். டைரக்டரும் இவரும் எலெக்ட்ரான் படங்களை வரிசையாகப் பரப்பி விளக்கினார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அட்டையின் இடப்பக்கத்தில் விரலை வைத்து, இந்தக் கணத்தில் நிறுத்தியது யார் என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். செய்து காட்ட முடியுமா என்றார். போலராய்டு எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். நான் செய்து காட்டினேன். பிறகு அவரே உட்கார்ந்து முயன்றார். பிந்திவிட்டது. மறுபடி முயன்றார், மறுபடி பிந்தியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவே மாட்டேனென்றார்.

மறுநாள் காலை எல்லோரையும் வைத்துக்கொண்டு முடிவைச் சொன்னார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தேர்ந்தவர்கள் தன்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று உயிரிலிருந்து எடுத்துக்கொடுக்கிற ஆள் இல்லை. எனவே இந்த அம்மாளை அழைத்துக்கொள்கிறேன் என்றார். டைரக்டர் பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரருக்குக் கைகொடுக்கத் திரும்பி, பாதியில் கையை இழுத்துக்கொண்டார்.

இவர் எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். "ரொம்ப சந்தோஷம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். அதே சிரிப்பு. எனக்குச் சப்பென்று போயிற்று. ஆசைப்பட்டது கையில் கிடைத்த நாளிலும் இந்த மனுஷன் என்னை இப்படி ஏமாற்றுகிறாரே என்றிருந்தது.

மத்தியானம் சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் கேரியரில். வழக்கமாக ரயில்வே கேட் மேட்டில் மெதுவாகப் போவார். அன்றைக்கு வேகம் குறையவில்லை, எனக்கு இடுப்பு தூக்கிப் போட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் சாளைமீன் குழம்பு. சோற்றைப் போட்டேன். பிசைந்தார், வாயில் வைக்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தார்.

"படத்துல ஸ்கேல் கோடு கூட நேராப் போடத் தெரியாது ஒனக்கு. ஒன்னயப் போயி கூப்புடுதாரு."

என்னிடம் அவர் அப்படி ஒரு சொல் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான் சீவிக் காட்டலேன்னா ஒன் துளி வெறும் துளிதானே. வாய் தொறந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? சவ்வப் பாத்தது நானா நீயா?"

"நீங்கதான்."

"அப்போ?"

அவர் குரல் உடைந்திருந்தது. காது சிவந்திருந்தது. எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது என்று எழுதினால் பொய். அதற்குப் பதிலாக எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பொறாமையா இருக்கா?" என்று கேட்டேன்.

இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நான் மறுபடி நல்ல கை ஆகிவிடுவேன்.

பிசைந்த சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு தலையைத் தூக்கி, ஆய்வகத்தில் மற்ற ஆண்களைப் பார்ப்பாரே, அந்த மாதிரி நேராக என்னைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வயிறு எரியுதுளா."

கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இன்னும் சோறு வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று எழுந்து கை கழுவப் போனார். நான் எனக்குப் போட்டுக்கொண்டு, குழம்பை நிறைய ஊற்றி, வயிறு நிறையச் சாப்பிட்டேன்.